சட்ட உதவி வக்கீலை விலக்கிய பிறகு மாற்று வக்கீல் பெறுவது எப்படி: நீலகிரி மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலை லைன் ஒன்றிலிருந்து ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். மகன் மீது அடிதடி வழக்கு. அரசின் இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் மூன்று வாய்தாக்களுக்கு வரவில்லை. நான்காவது வாய்தாவில் அவரை வராந்தாவில் கண்டதும் தாய்க்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "இனி எங்களுக்கு நீங்கள் வேண்டாம் சார், நாங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். வக்கீலும் சரி என்று போய்விட்டார். அடுத்த வாய்தாவில் முதல் சாட்சி கூண்டில் ஏறி, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். எதிர்த்துக் கேள்வி கேட்க மகனுக்கு ஆள் இல்லை. "குறுக்கு விசாரணை இல்லை" என்று பதிவாயிற்று. அந்த ஒரு வரியைச் சரிசெய்ய எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது.

அவர் கோபப்பட்டதில் ஒரு தவறும் இல்லை. வராத வக்கீலை மாற்றித் தரும்படி கேட்கும் உரிமை ஏழைக்கும் உண்டு. ஆனால் அதை வாயால் சொல்லிவிட்டு, எழுத்தில் ஒன்றும் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டதால்தான் வினை வந்தது. பழைய வக்கீல் விலகும் நாளுக்கும் புதியவர் வரும் நாளுக்கும் நடுவே ஒரு வாய்தாகூட ஆளில்லாமல் போகக்கூடாது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இடைவெளியை அடைப்பதைப் பற்றியதுதான்.

நான் வக்கீல் அல்ல. எஸ்டேட் லைன்களிலும் பழங்குடி ஊர்களிலும் மனு எழுதிக் கொடுத்து, கூடவே கோர்ட் படியேறி இறங்கி வருபவள். அந்த அனுபவத்தில் கற்றதையும், சட்டத்தில் உள்ளதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

இன்னும் விலக்கவில்லை என்றால்

இதைப் படிக்கும்போது நீங்கள் வக்கீலிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றால், தயவுசெய்து ஒரு வாரம் பொறுங்கள். முதலில் மாற்று வக்கீல் கேட்டு மனு கொடுங்கள். புதியவர் நியமனமாகும் வரை பழையவர் பெயர் வழக்கில் இருக்கட்டும். சட்ட உதவி வக்கீல் தன் விருப்பத்துக்கு வழக்கைவிட்டு விலகிவிட முடியாது. நியமித்த அமைப்பிடம் சொல்லித்தான் விலக வேண்டும். அந்தப் பொறுப்பு அவர் தலையில் இருக்கும்போது நீங்களே அதை இறக்கி வைக்காதீர்கள்.

ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றாலும் குடி முழுகிப் போகவில்லை. மேலே படியுங்கள்.

முதல் வேலை: அடுத்த வாய்தா என்றைக்கு?

வழக்கு எண்ணும் அடுத்த வாய்தாத் தேதியும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பலர் இதை வக்கீலின் குமாஸ்தாவிடமே விட்டுவிடுகிறார்கள். வக்கீல் போனதும் தேதியும் போய்விடுகிறது. ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. இ-கோர்ட்ஸ் என்ற செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த தேதி, கடந்த வாய்தாக்களில் நடந்தது எல்லாம் வரும். லைன் வீட்டில் டவர் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். மேட்டுக்கோ எஸ்டேட் ஆபீஸ் பக்கமோ போகும்போது பார்த்து, காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். செல்போன் இல்லாதவர்கள் நீதிமன்ற அலுவலகத்தில் வழக்கு எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

வாய்தா நான்கைந்து நாளில் இருக்கிறது, வக்கீல் இல்லை என்றால் என்ன செய்வது? போக வேண்டும். கட்டாயம் போக வேண்டும். "வக்கீல் இல்லாமல் போய் என்ன செய்வது" என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டால், ஜாமீனில் இருப்பவர் மீது பிடிவாரண்ட் வரும். ஜாமீன் போட்டவருக்கும் நோட்டீஸ் போகும். வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, கும்பிட்டுவிட்டு, நிதானமாக இதைச் சொல்லுங்கள்:

"ஐயா, எனக்குச் சட்ட உதவியில் வைத்துக் கொடுத்த வக்கீல் இப்போது ஆஜராகவில்லை. சொந்தமாக வக்கீல் வைக்க எனக்கு வசதி இல்லை. மாற்று வக்கீல் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன், இதோ நகல். வக்கீல் வரும் வரை சாட்சி விசாரணை நடத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

நீதிபதி பெண் என்றால் "அம்மா" என்று சொல்லுங்கள். வேறு எதுவும் பேச வேண்டாம். பழைய வக்கீலைப் பற்றிய குறைகளைத் திறந்த கோர்ட்டில் அவிழ்க்க வேண்டாம். "நான் செய்யவில்லை, அவன்தான் முதலில் அடித்தான்" என்று வழக்கின் உள்ளே போகவே கூடாது; அந்தப் பேச்சு உங்களுக்கு எதிராகவே திரும்பலாம். மனுவின் நகலை நீட்டுங்கள். சொன்னதைப் பதிவு செய்யும்படி பணிவாகக் கேளுங்கள்.

இதைச் சொல்வதற்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 341-ஆவது பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லை, வைக்க வசதியும் இல்லை என்று தெரிந்தால், நீதிமன்றமே அரசுச் செலவில் ஒருவரை அமர்த்த வேண்டும். அந்தத் தேதிக்கு முன்பே விசாரணை தொடங்கிய வழக்குகளுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 304-ஆவது பிரிவு பொருந்தும். இலவச சட்ட உதவி உண்டு என்பதைச் சொல்லாமல் நடத்திய விசாரணையில் கொடுத்த தண்டனையை 1986-இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நீங்கள் நீதிபதியிடம் கேட்பது சலுகை என்று நினைத்துக் குரல் தாழ்த்த வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சாட்சி வந்து நிற்கும்போது உங்கள் பக்கம் வக்கீல் இல்லை என்பதற்காக நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் தள்ளிவைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சாட்சியத்தைப் பதிவு செய்துகொண்டு, குறுக்கு விசாரணையைக் கைவிட்டதாக உத்தரவிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அந்தத் தாயின் மகனுக்கு நடந்தது அதுதான். எனவே மனுவை வாய்தாவுக்கு முன்பே கொடுத்து நகலுடன் போவதுதான் பாதுகாப்பு.

உங்கள் வக்கீலை அமர்த்தியது யார்?

மனு எந்த வாசலில் கொடுப்பது என்பது இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. மூன்று வழிகளில் இலவச வக்கீல் வந்திருப்பார்.

பெரும்பாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியாக வந்திருப்பார். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி மாவட்டத்துக்கு ஓர் ஆணைக்குழு. அதன் தலைவர் மாவட்ட நீதிபதி. அன்றாட வேலைகளைப் பார்ப்பவர் நீதித்துறையைச் சேர்ந்த செயலாளர். நீலகிரிக்கு இது உதகமண்டலத்தில், மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டி இயங்குகிறது. வட்ட அளவில் சட்டப் பணிகள் குழு. அங்குள்ள மூத்த நீதிபதி அதற்குத் தலைவர். கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் முதலில் தங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே விசாரியுங்கள். எடுத்த எடுப்பில் ஊட்டி பஸ் ஏற வேண்டாம். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் மலைப்பாதை. பந்தலூர்க்காரர்களுக்கு அதற்கும் மேல். ஒரு நாள் கூலி போய்விடும்.

இரண்டாவது, நீதிபதியே நேரடியாக வழக்கில் அமர்த்தியிருக்கலாம். அப்படியானால் மனுவை அதே நீதிமன்றத்தில் கொடுங்கள்; ஒரு பிரதியை ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள்.

மூன்றாவது, சட்ட உதவி எதிர்வாதி வழக்கறிஞர் முறை. 2022-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்த திட்டம் இது. சொந்த வழக்குகளை விட்டுவிட்டு, குற்றவழக்கில் சிக்கிய ஏழைகளுக்காக மட்டுமே முழுநேரமும் வேலை பார்க்கும் வக்கீல்கள் இந்த அலுவலகத்தில் இருப்பார்கள். இவர்களில் ஒருவரோடு உங்களுக்குப் பிரச்சினை என்றால், முதலில் அந்த அலுவலகத்தின் தலைமை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். உள்ளேயே வேறு ஒருவருக்கு மாற்ற முடியும். ஒரே வழக்கில் இரண்டு பேர் குற்றம் சாட்டப்பட்டு, ஒருவர் மற்றவர் மேல் பழி போடும் நிலை என்றால் ஒரே அலுவலகம் இருவருக்கும் வாதாடுவது சரியல்ல. அதை மனுவில் சொன்னால், ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வெளி வக்கீல் ஒருவரைக் கேட்டுப் பெறலாம்.

எந்த வழி என்று தெரியவில்லையா? நியமனக் கடிதம் ஒன்று உங்களுக்கு வந்திருக்கும். அதன் தலைப்பில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

நடுவே பணம் கொடுத்து வேறு வக்கீலிடம் கையெழுத்துப் போடாதீர்கள்

இந்த ஒரு விஷயத்துக்குத் தனித் தலைப்பு கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வக்கீல் இல்லை என்ற பதற்றத்தில் உறவினர் யாரோ ஒரு தனியார் வக்கீலிடம் கூட்டிப்போவார். நகையை அடகு வைத்து 5,000 ரூபாய் கொடுத்து வக்காலத்தில் (உங்களுக்காக ஆஜராக அதிகாரம் கொடுக்கும் தாளில்) கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். அடுத்த மாதம் மேலும் பணம் கேட்டால் இருக்காது. திரும்பவும் சட்ட உதவி அலுவலகத்துக்கு வருவீர்கள். ஆனால் தேசிய ஆணைக்குழுவின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, அமர்த்திய வக்கீலை விட்டுவிட்டு வேறு வக்கீலை நீங்களாக வைத்துக்கொண்டால் சட்ட உதவியையே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். வருமானத்தைப் பொய்யாகக் காட்டியது, வக்கீலுக்கு ஒத்துழைக்காதது ஆகியவையும் அப்படிப்பட்ட காரணங்களே. எப்படி இருந்தாலும் உங்கள் தரப்பைக் கேட்காமல் உதவியை நிறுத்தக்கூடாது. நோட்டீஸ் வந்தால் பதில் கொடுங்கள்.

காரணத்தை எப்படி எழுதுவது

மனுவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. "வக்கீல் சரியில்லை" என்று எழுதிய மனு எத்தனையோ பார்த்திருக்கிறேன். செயலாளர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பழைய வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்பார். அவர் "நான் எல்லா வாய்தாவுக்கும் போனேன், இவர்கள்தான் வரவில்லை" என்பார். யார் பேச்சை நம்புவது? தேதிகள் இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நீதிமன்றப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

அந்தத் தாயிடம் ஒரு பழைய மளிகைக் கடைக் காலண்டர் இருந்தது. மகனோடு கோர்ட்டுக்குப் போன நாள்களில் பென்சிலால் சிறு கோடு போட்டிருந்தார்; வக்கீல் வந்த நாளுக்கு ஒரு கோடு, வராத நாளுக்கு இரண்டு கோடு. அவருக்கு எழுதத் தெரியாது. அந்தக் கோடுகளை இ-கோர்ட்ஸ் பதிவோடு வைத்துப் பார்த்தோம். ஒரு தேதிகூடப் பிசகவில்லை. மாற்று வக்கீல் கிடைக்க எங்களுக்குக் கைகொடுத்தது அந்தக் காலண்டர்தான்.

எவை நல்ல காரணங்கள்? வாய்தாவுக்கு வராதது, சாட்சி விசாரணைக்கு முன் ஒருமுறைகூட உங்களோடு உட்கார்ந்து பேசாதது, குற்றப்பத்திரிகை நகலை வாங்கிப் பார்க்காதது, ஜாமீன் மனு போடச் சொல்லியும் போடாதது, எதிர்த்தரப்புக்கு முன்பு வாதாடியவர் அல்லது அவர்களுக்கு வேண்டியவர் என்பது, பணம் கேட்டது, உங்கள் மொழி அவருக்கும் அவர் பேச்சு உங்களுக்கும் புரியாதது. கடைசிக் காரணத்தை யாரும் எழுதுவதில்லை. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஊர்களில் பெரியவர்கள் பலருக்குக் கோர்ட்டுத் தமிழ் புரிவதில்லை. வக்கீல் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். தன் கதையை வக்கீலிடம் சொல்லவே முடியாதவருக்கு வக்கீல் இருந்தும் பயனில்லை. கூச்சப்படாமல் எழுதுங்கள்.

எவை எடுபடாது? "தோற்றுப்போவீர்கள் என்று சொன்னார்" என்பது எடுபடாது. கசப்பான உண்மையைச் சொல்வது நல்ல வக்கீலின் கடமை. பொய்ச் சாட்சி ஏற்பாடு செய்ய மறுத்தார், நான் சொன்ன கேள்வியைக் கேட்கவில்லை, வயது குறைவு என்பவையும் அப்படியே. மலையில் ஒரே வக்கீல் இரண்டு ஊர் நீதிமன்றங்களுக்குப் போய்வர வேண்டிய நாள்கள் உண்டு. ஆடி மாத மழையில் நடுவட்டம் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்ட அன்று வராததையும் சேர்த்து எழுதினால், மற்ற உண்மையான குறைகளுக்கும் மதிப்பு போய்விடும். நேர்மையாக இருங்கள்.

மனு மாதிரி

ஒரு வெள்ளைத் தாள் போதும். கட்டணம் இல்லை, வில்லை ஒட்ட வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலகத்தில் உள்ளவரோ சட்டத் தன்னார்வலரோ எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முக்கியப் பகுதி இப்படி இருக்கட்டும்:

"ஐயா, நான் மேற்கண்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவன். தங்கள் அலுவலகத்தின் இன்ன தேதியிட்ட கடிதப்படி எனக்கு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். அவர் இன்ன, இன்ன, இன்ன தேதிகளில் ஆஜராகவில்லை. என்னிடம் வழக்கு விவரம் கேட்டு ஒருமுறையும் பேசவில்லை. இன்ன தேதியில் அவர் ஆஜராக வேண்டாம் என்று நான் வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன். இப்போது எனக்கு வழக்கறிஞர் இல்லை. வழக்கு அடுத்து இன்ன தேதிக்குச் சாட்சி விசாரணைக்கு வைக்கப்பட்டுள்ளது. எனக்குச் சட்ட உதவி இன்னும் தேவை. நான் வேறு எந்த வழக்கறிஞரையும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தத் தேதிக்கு முன் மாற்று வழக்கறிஞர் ஒருவரை நியமித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"எனக்குச் சட்ட உதவி இன்னும் தேவை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், வக்கீலை விலக்கியதையே சட்ட உதவியை வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. நீங்களாக விலக்கியதை மறைக்கவும் வேண்டாம். எப்படியும் தெரியவரும்; முதலிலேயே சொன்னவரை நம்புவார்கள்.

பட்டியலில் உள்ள குறிப்பிட்ட ஒரு வக்கீல் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் செயலாளரின் முடிவு. பட்டியலில் சேர வக்கீலுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ வரக்கூடிய வழக்கு என்றால், 2019-இல் அனோகிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவில் குறிப்பிடுங்கள்: அத்தகைய வழக்குக்குக் குறைந்தது பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரையே அமர்த்த வேண்டும், அவர் தயாராவதற்குப் போதிய கால அவகாசமும் கொடுக்க வேண்டும்.

தகுதியைக் காட்டும் காகிதங்கள்

வழக்கில் சிக்கியவர் பெண், குழந்தை, ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர், மாற்றுத்திறனாளி, காவலில் உள்ளவர், தொழில்துறைத் தொழிலாளர், பேரிடரில் பாதிக்கப்பட்டவர் என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி வருமானம் பார்க்காமல் உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். வருமானத்துக்கு உறுதிமொழிப் பத்திரமே போதும் என்று சட்டம் சொல்கிறது.

இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று: மகன் வழக்குக்குத் தாய் மனு கொடுப்பார், "நான் பெண், எனக்கு இலவசம்தானே" என்பார். வழக்கில் இருப்பவரின் தகுதியைத்தான் பார்ப்பார்கள், அலைபவருடையதை அல்ல. இன்னொன்று, மகன் சிறையில் இருந்தபோது காவலில் உள்ளவர் என்ற தகுதியில் வக்கீல் கிடைத்திருப்பார். இப்போது ஜாமீனில் வந்துவிட்டான் என்றால், மாற்று வக்கீல் கேட்கும்போது சாதிச் சான்று, எஸ்டேட் சம்பளச் சீட்டு, வருமான உறுதிமொழி என்று வேறு ஏதாவது ஒரு தகுதியையும் காட்டிவிடுவது நல்லது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களிலும் பழங்குடிக் குடும்பங்களிலும் சாதிச் சான்று இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சான்று வரட்டும் என்று மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். இருப்பதைக் கொண்டு கொடுத்துவிட்டு, சான்றுக்குத் தனியாக அலையலாம்.

கொடுத்த பிறகு

இரண்டு பிரதி எடுத்துப்போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "சும்மா வைத்துவிட்டுப் போங்கள்" என்று யார் சொன்னாலும் முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள். நேரில் போக முடியாதவர்கள் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். தேசிய ஆணைக்குழுவின் இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

சட்ட உதவி மனுவின் மீது உடனே, அதிகபட்சம் ஏழு நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது ஒழுங்குமுறை. எட்டாவது நாளும் பதில் இல்லை என்றால் 15100 என்ற இலவச எண்ணுக்குப் பேசி, மனு கொடுத்த தேதியைச் சொல்லுங்கள். மறுத்துவிட்டார்கள் என்றால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். செயலாளரின் முடிவு பிடிக்கவில்லை என்றால் ஆணைக்குழுவின் தலைவரான மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம். இதற்கும் வெள்ளைத் தாள் போதும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சட்ட உதவி வழக்குகள் எப்படி நடக்கின்றன என்று பார்ப்பதற்கென்றே ஒவ்வொரு ஆணைக்குழுவிலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். வக்கீலின் வேலை திருப்தியாக இல்லாவிட்டால் வழக்கை அவரிடமிருந்து எடுத்துவிடவும், பட்டியலிலிருந்தே அவரை நீக்கவும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் மனுவின் ஒரு பிரதியில் "கண்காணிப்புக் குழுவின் பார்வைக்கு" என்று எழுதிக் கொடுங்கள்.

பழைய வக்கீலிடம் உள்ள வழக்குக் கட்டு

மாற்று வக்கீல் வந்துவிட்டார். அவர் கையில் ஒன்றும் இல்லை. குற்றப்பத்திரிகை, காயச் சான்று, சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாம் பழையவரின் அலமாரியில் இருக்கும். அவரிடம் போய்ப் பணிவாகக் கேளுங்கள். குமாஸ்தா இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தர மறுத்தால், 2000-ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கட்டணப் பாக்கி இருந்தாலும்கூட வக்கீல் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. இலவச வக்கீலுக்கோ நீங்கள் பாக்கி வைக்கவே வழியில்லை. இதைச் செயலாளரிடம் சொன்னால் அவரே கேட்டு வாங்கித் தருவார். அப்போதும் கிடைக்காவிட்டால் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு எடுக்கலாம். அந்தச் செலவும் சட்ட உதவியில் அடங்கும்.

வக்காலத்து மாற்றத்துக்குப் பழையவர் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். அவர் போடவில்லை என்று வேலையை நிறுத்த வேண்டாம். ஆணைக்குழுவின் புதிய நியமனக் கடிதத்தைக் காட்டி, புதியவர் நீதிமன்றத்தின் அனுமதியோடு வக்காலத்து தாக்கல் செய்யலாம். சொத்து, ஜீவனாம்சம் போன்ற சிவில் வழக்குகளில் இது இன்னும் முக்கியம். பழைய வக்காலத்து நீதிமன்ற அனுமதியோடு முடித்துவைக்கப்படும் வரை செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். கூடலூரில் ஜன்ம நில வழக்கு நடத்தும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புதியவரோடு முதல் சந்திப்பு

வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, வக்கீல் இல்லாமல் எது நடந்துவிட்டது என்று முதலில் கேளுங்கள். குறுக்கு விசாரணை இல்லாமல் சாட்சி போய்விட்டிருந்தால், அவரைத் திரும்பக் கூப்பிட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 348-ஆவது பிரிவின்படி மனு போடலாம். பழைய சட்டத்தில் அது 311. தாமதம் செய்யாமல், புதியவர் வந்த முதல் வாய்தாவிலேயே போடச் சொல்லுங்கள். அந்தத் தாயின் மகன் வழக்கில் நாங்கள் இதைத்தான் செய்தோம். ஆணைக்குழுவில் முத்திரை வாங்கிய மனு நகலை இணைத்தோம். வக்கீல் இல்லாமல் போனதற்கு அது சாட்சியாயிற்று. நீதிபதி அனுமதித்தார். சாட்சி வெளியூர் போய்விட்டிருந்ததால் சம்மன் சேர்வதற்கே நாள் பிடித்தது. ஆனாலும் அவர் திரும்ப வந்தார், புதிய வக்கீல் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

புதியவரின் செல்போன் எண்ணையும் குமாஸ்தாவின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பஸ் வராத அன்று காலையிலேயே அவருக்குச் சொன்னால், அன்றைக்கு நேரில் வராமல் இருக்க மனு போடுவார், வாரண்ட் தப்பும். ஒருமுறை மாற்றிக் கொடுத்த அலுவலகம் இரண்டாம் முறை மிகவும் யோசிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணம் கேட்டால்

சட்ட உதவி வக்கீல் உங்களிடம் கட்டணமோ வேறு எந்தப் பொருளோ கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. "பெட்ரோல் செலவுக்கு", "டைப்பிங்குக்கு", "கோர்ட்டில் கொடுக்க" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நீதிமன்றக் கட்டணம், தட்டச்சு, நகல் எல்லாம் ஆணைக்குழுவின் பொறுப்பு. கேட்ட தேதி, தொகை, உடனிருந்தவர் யார் என்று குறித்து வைத்துச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். வக்கீலின் நடத்தை பற்றி 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்கீழ் சென்னையில் உள்ள பார் கவுன்சிலுக்கும் புகார் அனுப்பலாம். ஆனால் அது தனி வழி, நாளாகும். மாற்று வக்கீல் கேட்கும் மனுவோடு அதைக் கலக்க வேண்டாம்.

சிறையில் இருப்பவர்களுக்கும், தீர்ப்பு வந்துவிட்டவர்களுக்கும்

கிளைச் சிறையிலோ கோவை மத்திய சிறையிலோ இருப்பவர், சிறைக்குள் இயங்கும் சட்ட உதவி மையத்திலோ கண்காணிப்பாளர் வழியாகவோ இதே மனுவைக் கொடுக்கலாம். வெளியே இருக்கும் குடும்பமும் அதே நாளில் ஊட்டியில் ஒரு பிரதி கொடுத்துவிடுவது நல்லது. எது முதலில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. காவல் நீட்டிப்புக்காக வீடியோவில் காட்டும்போதும் "எனக்கு வக்கீல் இல்லை" என்று நீதிபதியிடம் நேரடியாகச் சொல்லலாம்.

தண்டனை வந்த பிறகு வக்கீலை விலக்குபவர்கள் நாள்களை எண்ண வேண்டும். மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனையை எதிர்த்து மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்குப் போக 30 நாள். அமர்வு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள். தீர்ப்பு நகல் வாங்கப் பிடித்த நாள்கள் இதில் சேராது. தண்டிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகல் இலவசமாகவே கிடைக்க வேண்டும். நீலகிரி வழக்குகளின் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்குள்ள சட்டப் பணிகள் குழுவே வக்கீல் வைத்துக் கொடுக்கும், மனுவை ஊட்டியிலேயே கொடுத்தால் அனுப்பிவைப்பார்கள். கெடு தாண்டிவிட்டது என்றால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போடலாம். அப்போது நீங்கள் காட்ட வேண்டியது, மாற்று வக்கீல் கேட்டு எந்தத் தேதியில் மனு கொடுத்தீர்கள் என்பதற்கான அந்த முத்திரையைத்தான். அதை மஞ்சப்பையில் மற்றக் காகிதங்களோடு கசங்கவிடாமல், பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டில் ஒழுகாத மூலையில் வைத்திருங்கள்.